தூங்காத மருத்துவமனையும் துடைப்பத்தின் நேரமும்

சுத்தம் சோறு போடும் என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தச் சுத்தத்தைச் செய்கிறவருக்கு அது எவ்வளவு சோறு போட்டது? இந்தக் கேள்வியை எழுப்பினால் கோல சிலாங்கூர் தொடங்கி உலு சிலாங்கூர் வரை நீளும் தோட்டப்புறத்தின் நூறாண்டு வரலாறே பதிலாக வந்து நிற்கும்.

பள்ளிக்கூடத்திற்கு விடுமுறை உண்டு. கடைக்குக் கதவடைப்பு உண்டு. பால்மரத் தோட்டத்திற்கு மழை நாளில் ஓய்வு உண்டு. ஆனால் மருத்துவமனை மட்டும் மூடுவதே இல்லை. நள்ளிரவிலும் நோயாளி வருவார். விடியற்காலையிலும் குழந்தை பிறக்கும். அப்படி இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் நடமாடும் இடத்தில் தரையை எப்போது துடைப்பது? கேட்பதற்குச் சிறிய விஷயம்தான். ஆனால் இதற்குள் ஒரு பெரிய அறிவியலும், நம் மக்களின் உழைப்பும், தீராத ஒரு கணக்கும் அடங்கியிருக்கின்றன.

மண்ணும் கொசுவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். கோல சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய இடங்களில் சதுப்புக் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. பெர்ஜுந்தை வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே, வணிக நோக்கில் நாட்டின் முதல் செம்பனையை நடவு செய்தார். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

செல்வம் விளைந்த அந்த மண்ணில் சாவும் விளைந்தது. 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு அறுபது பேருக்கும் மேல் ஓராண்டில் மாண்டு போனார்கள். மலேரியாதான் முதல் எமன். வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் அதற்குத் துணை நின்றன.

1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் 1897-இல் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. வாட்சன் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பை வடித்துக் காட்டை வெட்டினார். காய்ச்சல் குறைந்தது. பின்னர் தோட்டங்களின் மருத்துவராகவும் அவர் பணியாற்றினார்.

அங்கே அவர் ஓர் உண்மையைக் கண்டார். கடலோரச் சமவெளியில் நோய் பரப்பும் கொசு நிழலான சதுப்பில் வளர்வது. காட்டை வெட்டி வாய்க்கால் வெட்டினால் அது ஒழியும். ஆனால் உள்ளே போகப் போக, குன்றுகள் நிறைந்த பகுதியில் வேறொரு கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. அங்கே காட்டை வெட்டினால் நோய் குறையாது, கூடும்! ஆகவே கோல சிலாங்கூர் கடலோரத்திற்குச் சரியான மருந்து உலு சிலாங்கூர் மலையடிவாரத்திற்கு விஷமாகிவிடும்.

குன்றுப் பகுதிகளில் நிலத்தடிக் குழாய் பதித்து நீரை வடித்தார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எனவே வாரம் ஒரு முறை தவறாமல் எண்ணெய் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டுப் போனால் முன்பு செய்த வேலையெல்லாம் வீண். துப்புரவு என்பது ஒரு நாள் கூத்தல்ல, நேரம் தவறாத ஒழுங்கு என்ற பாடத்தை நம் தோட்டங்கள் முதலில் கற்றது இந்தக் கொசு எண்ணெயில்தான்.

வெறுங்காலும் சிமெண்டுத் தரையும்

இரண்டாவது பாடத்தைச் சொல்லித் தந்தது கொக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் இதன் குஞ்சுப்புழு வளரும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். நாளடைவில் ஆள் சோகை பிடித்து வெளுத்துப் போவார். அவரைச் 'சோம்பேறி' என்று பெரட்டில் திட்டிய காலமும் உண்டு. உண்மையில் அவரிடம் இல்லாதது இரத்தம்தான்.

1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஆய்வுக் குழு ஒன்று மலாயாவிலும் இந்நோயை ஆராய்ந்தது. கழிவறையும், மண்ணோடு பாதம் படாத தரையும் எவ்வளவு முக்கியம் என்பது அக்காலத்தில் உறுதிப்பட்டது. சாணம் மெழுகிய மண்தரையைச் சுத்தம் என்று நம்பி வந்த மக்களுக்குச் சிமெண்டுத் தரை புதிது. தண்ணீர் ஊற்றித் தேய்க்கலாம், கழுவிய தண்ணீர் வாய்க்காலில் ஓடும், வெயிலில் காயும். அப்படிப்பட்ட தரை தோட்டத்து மக்களில் பலருக்கு முதலில் அறிமுகமானது தோட்ட ஆஸ்பத்திரியில்தான்.

தோட்ட ஆஸ்பத்திரி

தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்பது காலனி ஆட்சியின் தொழிலாளர் சட்டங்களில் இடம்பெற்றிருந்தது. பெரிய தோட்டங்கள் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்தன. சிறிய தோட்டங்கள் சில சேர்ந்து ஒன்றை நடத்தின. டாக்டர் எப்போதாவது வந்து பார்ப்பவர். அன்றாடம் எல்லாமே டிரெஸ்ஸர்தான். காயத்திற்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், பிள்ளைப்பேறு பார்க்க ஆள் அனுப்புவதும் அவர் பொறுப்பு.

அந்த டிரெஸ்ஸருக்குக் கீழே இன்னும் ஒருவர் இருந்தார். வார்டைக் கூட்டி, மலச்சட்டியை எடுத்து, பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்தவர். விடிவதற்கு முன் பெரட்டு மணி அடிக்கும். வெட்டுக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்பதற்குள் இவர் வேலை தொடங்கியிருக்கும். ஏனென்றால் பெரட்டு முடிந்ததும் காய்ச்சல்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து குவிவார்கள். அதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டும். ஆக, தரை துடைக்கும் நேரத்தைத் தீர்மானித்தது தோட்டத்து மணிதான். சட்டப் புத்தகத்தில் டாக்டருக்கு இடமுண்டு, டிரெஸ்ஸருக்கும் இடமுண்டு. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. துடைப்பம் பிடித்தவருக்கு அப்படி ஒரு பக்கம் எழுதப்படவில்லை.

எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒழுங்காக இருந்தனவா? இல்லை என்பதற்கு வரலாறே சாட்சி. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் தலைமையில் எழுந்த தோட்டப் பாட்டாளிகளின் போராட்டத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகளை நினைத்துப் பாருங்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு சேர்த்து முறையான மருத்துவ வசதியும் கேட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியது. மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சுத்தமான ஓர் ஆஸ்பத்திரி கூட நம் மக்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

நோயாளிகளே துடைத்த தரை

தெற்கே சற்றுத் தள்ளி 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பின் கதை வேறு மாதிரியானது. டாக்டர் டிராவர்ஸ் போன்றோரின் முயற்சியால், சிறைபோன்ற பழைய முகாமுக்கு மாற்றாக உருவான இடம் அது. அங்கே உள்ளே போனவர் வெளியே வருவது அரிது. வெளியாட்களும் உள்ளே வேலைக்கு வரத் தயங்கினார்கள். அதனால் நோயாளிகளே உதவியாளர்களாகவும், காவலர்களாகவும், துப்புரவாளர்களாகவும் பணியாற்றினார்கள். விரல் மரத்துப் போனவர்கள் தங்களை விட நலிந்தவர்களுக்காகத் துடைப்பம் பிடித்தார்கள். உலகம் ஒதுக்கியவர்கள் தங்களுக்குள் கட்டிய ஒழுங்கு அது. அந்த ஒழுங்கு இல்லாமல் அந்தக் குடியிருப்பு ஒரு வாரம்கூட ஓடியிருக்காது.

அறிவியல் என்ன சொல்கிறது?

தரையைத் துடைப்பதற்கு நேரம் பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 1859-இல் வெளிவந்த தமது நூலில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதைப் பேசியிருக்கிறார். பெர்லின் நகரில் மெருகு பூசிய தரையைக் காலைதோறும் ஈரத்துணியால் ஒரு முறையும் உலர்ந்த துணியால் ஒரு முறையும் துடைப்பதையே உண்மையான சுத்தம் என்று பாராட்டினார். ஈரம் மட்டும் போதாது, காயவும் வேண்டும் என்பது அதில் உள்ள சூட்சுமம்.

1966-இல் இங்கிலாந்தில் அய்லிஃப், காலின்ஸ், லோபரி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் மருத்துவமனைத் தரைகளைச் சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். கிருமிநாசினி போட்டுத் துடைத்த தரையில் கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஆள் நடமாட்டமுள்ள வார்டில் ஓரிரு மணி நேரத்திற்குள் அவை பழைய நிலைக்கே வந்துவிட்டன! அப்படியானால் துடைப்பது வீணா? இல்லை. ஒரே நாளில் ஒரு முறை வாளி வாளியாக மருந்து ஊற்றுவதை விட, சரியான நேரத்தில் திரும்பத் திரும்பத் துடைப்பதே பலன் தரும் என்பதுதான் அதன் பொருள்.

துடைப்பம் தவறான நேரத்தில் புகுந்தால் தீமையும் உண்டு. படுக்கை விரிப்பை உதறினால் தூசு எழும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசு பறக்கும். அந்த நேரத்தில் நோயாளியின் புண்ணைத் திறந்து கட்டு மாற்றினால் தூசோடு கிருமியும் புண்ணில் இறங்கும். அதனால்தான் வார்டில் முதலில் படுக்கையைச் சீர் செய்து, பிறகு தரையை ஈரத்துணியால் துடைத்து, தூசு அடங்கிய பின்னரே கட்டு மாற்ற வேண்டும் என்ற வரிசை வகுக்கப்பட்டது.

ஒரு நாளின் கணக்கு

இன்று கோல சிலாங்கூர் மாவட்டத்து மக்கள் நாடிச் செல்வது தஞ்சோங் காராங் மருத்துவமனையை. உலு சிலாங்கூர் மக்களுக்குக் கோல குபு பாரு மருத்துவமனை. இத்தகைய அரசாங்க மருத்துவமனைகளில் தாதியர் வழக்கமாக மூன்று ஷிப்டாக வேலை செய்கிறார்கள்: காலை 7 முதல் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, 9 முதல் மறுநாள் காலை 7 வரை. நோயாளிகளைப் பார்க்க வருவோருக்கு மதியம் 12.30 முதல் 2 வரையும், மாலை 4.30 முதல் 7 வரையும் நேரம். காலையில் டாக்டர்கள் வார்டைச் சுற்றி வருவார்கள்.

இந்தக் கட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் சந்து பொந்துகள்தான் துப்புரவாளரின் நேரம். டாக்டர் வருவதற்கு முன் வார்டு துடைக்கப்பட வேண்டும். மதியக் கூட்டம் கலைந்ததும் சோற்றுப் பருக்கையும் காலடி மண்ணும் அகற்றப்பட வேண்டும். மாலைக் கூட்டம் போனதும் மறுபடியும் அதே வேலை. அறுவைச் சிகிச்சை அறையில் ஒரு நோயாளி வெளியேறி அடுத்தவர் உள்ளே வருவதற்குள் துடைக்க வேண்டும். அன்றைய பட்டியல் முடிந்தபின் முழு அறையையும் தேய்த்துக் கழுவ வேண்டும். அவசரப் பிரிவுக்கோ நேரமே கிடையாது. பின்னிரவில் சற்று ஆள் குறையும்போது, நடைபாதையைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் மஞ்சள் பலகையை வைத்து, மறுபாதியில் தள்ளுவண்டி போக வழிவிட்டுத் துடைக்கிறார்கள். வழுக்கி விழுந்து ஒரு முதியவரின் இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தச் சுத்தத்திற்கு என்ன பொருள்?

இரத்தமோ வாந்தியோ சிந்தினால் எந்த அட்டவணையும் செல்லாது. அந்த நிமிடமே எடுக்க வேண்டும். வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடிக்க வேண்டும்; கழிவறை கடைசி. கழிவறைத் துணி வார்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகத்தான் துணிக்கும் வாளிக்கும் தனித்தனி நிறம் வைக்கிறார்கள். அழுக்கை முதலில் சோப்புத் தண்ணீரால் அகற்றிய பிறகே கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றும் குளோரின் தன் வலிமையை இழந்துவிடும். ஊற்றியவுடன் துடைத்துவிடவும் கூடாது, கிருமி சாக நேரம் தர வேண்டும். குளோரினையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் கலந்துவிட்டால் நச்சு வாயு எழுந்து துப்புரவாளரின் மூச்சையே அடைத்துவிடும்.

இத்தனையும் தெரிந்த ஒருவரை 'சும்மா கூட்டுற ஆளு' என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம்!

தோட்டம் போனது, துடைப்பம் வந்தது

ஒரு காலத்தில் அரசாங்க மருத்துவமனைத் துப்புரவாளர் அரசாங்க ஊழியர். சம்பளம் குறைவுதான். ஆனால் வேலை நிரந்தரம். 1997-ஆம் ஆண்டு அது மாறியது. துப்புரவு, துணி சலவை, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து சேவைகளும் தனியார்மயமாயின. நாடு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு மூன்று நிறுவனங்களிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. 2015-இல் பத்தாண்டுகளுக்கான புதிய ஒப்பந்தங்கள் தொடங்கின.

அதே காலகட்டத்தில்தான் வட சிலாங்கூர்த் தோட்டங்களும் சிதறின. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் 1990-களின் இறுதியில் வேலையை இழந்தார்கள். சொந்த வீட்டுக்காக அவர்கள் நடத்திய போராட்டம் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. தோட்டத்தோடு லயமும் போனது, ஆயாக்கொட்டகையும் போனது, தோட்ட ஆஸ்பத்திரியும் போனது. பால் வெட்டிய கைகளுக்கு, படிப்புச் சான்றிதழ் கேட்காமல் கிடைத்த வேலைகளில் ஒன்று துப்புரவு வேலை. முன்பு பெரட்டு மணிக்கு எழுந்த பெண்கள் இப்போது காலை ஷிப்டுக்கு பஸ் பிடிக்க அதே நேரத்தில் எழுந்தார்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 2013-இல் 900 ரிங்கிட்டாக அறிமுகம் கண்டது, 2022-இல் 1,500, 2025-இல் 1,700. ஒவ்வோர் உயர்வும் இவர்களுக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் ஒப்பந்தம் கைமாறும்போது பல ஆண்டு அனுபவமுள்ளவரும் புதிய ஆளாகக் கணக்கிடப்படுகிறார் என்பது ஒப்பந்தத் துப்புரவாளர்களுக்காகக் குரல் கொடுப்போரின் நீண்ட நாள் முறையீடு. கோவிட் காலத்தில் சுங்கை பூலோ மருத்துவமனை நாட்டின் முதன்மைக் கோவிட் மருத்துவமனையாக இயங்கியபோது டாக்டர்களுக்கும் தாதியர்க்கும் நாடே கை தட்டியது. அந்த வார்டுகளையும் யாரோ துடைத்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்து மாநிலமான பேராக்கில், 2020 ஜூன் 2-ஆம் நாள், ஈப்போ மருத்துவமனைக்கு வெளியே துப்புரவாளர்களின் உரிமைக்காக மறியல் செய்த ஐவர் கைது செய்யப்பட்டு அவர்கள் மீது வழக்கும் தொடுக்கப்பட்டது.

ஒரே ஓர் ஆள்

இறுதியாக ஒரு கணக்கு. 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டெபனி டான்சரும் அவருடைய குழுவினரும் இரண்டு வார்டுகளை எடுத்துக் கொண்டார்கள். கூடுதலாக ஒரே ஒரு துப்புரவாளரை நியமித்து, ஆறு மாதம் ஒரு வார்டிலும் அடுத்த ஆறு மாதம் மற்ற வார்டிலும் வேலை செய்ய வைத்தார்கள். கை அதிகம் படும் இடங்களில் கிருமி 32.5 விழுக்காடு குறைந்தது. மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியின் புதிய தொற்று 26.6 விழுக்காடு குறைந்தது. அந்த ஆளுக்குக் கொடுத்த சம்பளத்தை விட மருத்துவமனைக்கு மிச்சமான பணமே அதிகம் என்றும் கணக்கிட்டார்கள்.

ஆகவே துப்புரவாளர் ஒரு செலவல்ல. அவர் ஒரு மருந்து. விலை மலிவான மருந்து. அந்த மருந்தை நேரம் தவறாமல் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதற்கு ஆள் போதுமான அளவு இருக்க வேண்டும்; அட்டவணை போடும்போது வார்டைத் துடைப்பவரின் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்; ஒப்பந்தம் மாறினாலும் அவருடைய அனுபவம் மாறாமல் மதிக்கப்பட வேண்டும். வாரம் தவறினால் கொசு வென்றுவிடும் என்று நூறாண்டுக்கு முன்பே இந்த மண்ணில் கற்ற பாடம் இது.

பொது மக்களாகிய நம் பங்கும் இதில் உண்டு. நோயாளியைப் பார்க்கக் குறித்த நேரத்தில் போய்க் குறித்த நேரத்தில் திரும்பினால், துடைப்பவருக்கு அவருடைய நேரம் கிடைக்கும். வாசலில் மஞ்சள் பலகையைக் கண்டால் ஐந்து நிமிடம் நின்று போகலாம். வார்டில் நீல உடுப்போ பச்சை உடுப்போ அணிந்து குனிந்திருக்கும் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

சுத்தம் சோறு போடும் என்ற பழமொழி அன்றைக்காவது அவர் விஷயத்தில் பாதியேனும் உண்மையாகட்டும். மீதிப் பாதி, ஒப்பந்தம் எழுதுகிறவர்களின் கையில் இருக்கிறது.